பூதக்கண்ணாடி விற்காமல் விட்ட ஃபில்டர்

கடைக்கு வருகிறவர்களை அவள் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தாள். விவரம் தெரியாதவர்கள் ஒரு வகை. விவரம் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைக் கண்டால் அவளுக்குக் கொட்டாவி வரும். இரண்டாம் வகையைக் கண்டால் நாக்கு நமநமக்கும். மூன்றாவதாக ஒரு வகை இருக்கக்கூடும் என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவளுக்குத் தோன்றியதில்லை.

அது கேமரா விற்கிற கடை. மூன்று படி ஏறினால் கண்ணாடிக் கதவு, உள்ளே நீளமான கவுண்டர். இடது பாதி அவளுடையது, அங்கே லென்ஸ்கள். வலது பாதி முதலாளியின் மச்சானுடையது, அங்கே பை, ஸ்டாண்டு, பேட்டரி, தோளில் மாட்டுகிற பட்டை. நடுவில் ஓர் இழுப்பறை, இரண்டு பேருக்கும் பொது. அதில்தான் புற ஊதா ஃபில்டர்கள் இருந்தன. லென்ஸின் முகத்தில் திருகி மாட்டுகிற வட்டக் கண்ணாடி. கண்ணுக்குத் தெரியாத கதிரைத் தடுக்குமாம், கீறல் விழாமல் லென்ஸைக் காப்பாற்றுமாம். அந்த இழுப்பறையை எப்போது திறந்தாலும் செத்த எலியை எடுத்துப் போடுகிற முகத்தோடுதான் அவள் திறப்பாள்.

பில் அடிக்க டைப்பிஸ்டாக வந்து சேர்ந்தவள். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற மதிய நேரத்தில், பெட்டிகளோடு வந்து குப்பைக்குப் போகிற விளக்கத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பாள். ஐந்து வருடத்தில் கடையிலிருந்த லென்ஸ் ஒவ்வொன்றையும் கரைத்துக் குடித்துவிட்டாள். பழைய லென்ஸை விற்க வருகிறவர்களிடமிருந்து வாங்கி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த சின்ன பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பாள். உள்ளே பூஞ்சை பிடித்திருந்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். பிறகு அதே பூதக்கண்ணாடியை இறக்காமல், கொண்டுவந்த ஆளையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பாள். அதனால் மச்சான் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவன் சொந்த மூளையில் உதித்து உருப்படியாக அமைந்த ஒரே விஷயம் அதுதான் என்று அவளே ஒப்புக்கொள்வாள்.

மச்சானைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஃபில்டர் விற்பதற்கு அவனிடம் ஒரு வித்தை இருந்தது. ஊதா வெளிச்சம் அடிக்கிற குட்டி டார்ச் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பான். வெள்ளைத் தாளின்மேல் அடித்தால் தாள் பளீரென்று நீலமாக மின்னும். நடுவில் ஃபில்டரைப் பிடிப்பான், மின்னல் அணைந்துவிடும். பார்த்தீங்களா, இவ்வளவு விஷமும் உங்க லென்ஸுக்குள்ள போகுது என்பான். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். இன்றைய கேமராவில் படம் பதிகிற இடத்துக்கு முன்னாலேயே அந்தக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி வைத்துத்தான் செய்கிறார்கள். ஃபிலிம் காலத்தில் மலை உச்சியிலும் கடற்கரையிலும் தேவைப்பட்ட சாமான், இப்போது வெறும் மூடி. இது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் டார்ச்சைக் கீழே வைத்திருக்கமாட்டான்.

முதலாளி அதற்கும் மேலே. எந்த லென்ஸும் ஃபில்டர் இல்லாமல் படி இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டு, அதைத் தாளில் எழுதி, தாளுக்கு லேமினேஷன் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். கேமராவைத் தலைகீழாகக் கொடுத்தால் தலைகீழாகவே வாங்கிப் பார்க்கிற மனிதர். அவருக்குத் தெரிந்த ஒளியியல் முழுவதும் அந்தத் தாளில் அடங்கிவிட்டது.

மூடி என்றாலே அவளுக்கு எரிச்சல். வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். தங்கையோடும் தங்கை புருஷனோடும் இருந்தாள். சோபா வந்து ஆறு வருடமாகியும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க அந்த மனிதர் விடவில்லை. எழுந்தால் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். டிவி ரிமோட் ஒரு பாலிதீன் பையில், அந்தப் பை ரப்பர் பேண்டில். செல்போனின் கண்ணாடிமேல் ஒரு கண்ணாடி, அதற்கும் மேல் தோல் உறை, தோல் உறை அழுக்காகாமல் இருக்க ஒரு கைக்குட்டை. ஒரு நாளாவது ஒரு பொருளை அதன் சொந்த உடம்போடு தொட்டுப் பார்த்திருக்கிறாரா என்று தங்கையிடம் கேட்டாள். தங்கை திருப்பிக் கேட்டாள்: உனக்கு இந்த உலகத்துல யாரைத்தான்க்கா புடிக்கும்? அவள் யோசித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

ஆக, ஃபில்டர் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு அவள் ஒரு பிரசங்கம் வைத்திருந்தாள். லென்ஸ் செய்கிறவன் பத்துப் பதினைந்து கண்ணாடியை மயிரிழை பிசகாமல் இழைத்து அடுக்கி வைத்திருக்கிறான், அதற்கு முன்னால் நீங்கள் ஒரு ஜன்னல் கண்ணாடியை மாட்டப் போகிறீர்கள் என்று தொடங்குவாள். விளக்குகளுக்கு எதிரே படம் எடுத்தால் ஒவ்வொரு விளக்குக்கும் ஆவி மாதிரி ஒரு பிம்பம் படத்தில் தலைகீழாகத் தெரியும் என்பாள். கீழே விழுந்தால் முதலில் உடைவது ஃபில்டர்தான், அந்தச் சில்லே லென்ஸைக் கீறும் என்பாள். லென்ஸின் ஓரத்தில் குவளை மாதிரி மாட்டுகிற ஹூட் போதும், மோதினாலும் அது வாங்கிக்கொள்ளும் என்று முடிப்பாள். எல்லாம் உண்மை. பொய் சொல்லி எதையும் விற்றவளில்லை அவள். ஆனால் உண்மையைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரே இருப்பவர் தலையில் நங்கென்று போடுவதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. கேட்டவர் முகத்தில் ஈயாடாது. பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர், இந்தம்மாகிட்டக் கேட்டுத்தான் வாங்கணும் என்று சொல்லிவிட்டால் அன்று ராத்திரி சாப்பாடு ருசிக்கும்.

முதலாளி பல தடவை கத்திப் பார்த்தார். கடைசியில் ஒரு நாள் கத்தாமல், கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். இன்னும் ஒரே ஒரு தடவை, ஃபில்டர் வேண்டாம் என்று அவள் சொல்லி அதனால் ஒரு புகார் வந்தால், இடது பாதியும் மச்சானுக்குப் போய்விடும். அவள் பின்கட்டில் உட்கார்ந்து பார்சல் கட்டலாம். பின்கட்டு என்பது ஜன்னலில்லாத ஓர் அறை, அட்டைப் பெட்டியும் டேப்பும் இருக்கும், மனிதர் வரமாட்டார்கள். அவளுக்கு மனிதர்களைப் பிடிக்காது, ஆனால் மனிதர்கள் எதிரே இல்லாவிட்டால் அவளுக்கு வாழ்க்கையே இல்லை. அந்தக் கவுண்டர் போனால் அவள் யார்? தங்கை வீட்டு சோபாவில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரியம்மா, அவ்வளவுதான். அவளுக்கே அது தெரிந்திருந்தது. மூன்று வாரம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கேட்டவருக்கெல்லாம் ஃபில்டரை எடுத்துக் கொடுத்தாள்.

நாலாவது வாரம் அந்த ஆள் வந்தார்.

ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். நிமிர்ந்து, கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து நின்றார். துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார், அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் கேமரா. தங்கை புருஷனே நேரில் வந்து நிற்பதுபோல அவளுக்கு இருந்தது. ஒரு லென்ஸ் வேண்டும் என்று மாடல் நம்பரைத் தாளில் எழுதி வைத்திருந்தார். அதை எடுத்துக் கொடுத்தாள். கூடவே லென்ஸைப் பாதுகாக்க ஃபில்டர் ஒன்றும் வேண்டும், எது நல்லது என்று கேட்டார்.

அவர் கேட்டதை அவள் பேசாமல் கொடுத்திருப்பாள். மச்சான்தான் கெடுத்தான். முதலாளி பல் டாக்டரிடம் போயிருந்த மாலை நேரம், கவுண்டரில் ஐந்தாறு பேர். ஃபில்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் டார்ச்சோடு வந்துவிட்டான். தாளை விரித்தான், அடித்தான், அணைத்தான். அந்த மனிதர் சங்கடமாகத் தலையாட்டிவிட்டு, இல்லங்க, நான் படம் எடுக்கறது என்று ஏதோ தொடங்கினார். பூதக்கண்ணாடிக்கு மூன்று வாரப் பத்தியம் முறிந்தது. டார்ச்சைத் தன் கையால் அணைத்துவிட்டு அவள் ஆரம்பித்தாள்.

அன்று அவள் பேசியதுபோல் முன்பும் பேசியதில்லை, பின்பும் பேசவில்லை. ஜன்னல் கண்ணாடி வந்தது, தலைகீழ் ஆவி வந்தது, உடைந்த சில்லு வந்தது. எங்க வேலை எடத்துல என்று அவர் நடுவில் வாயெடுத்தார். வேலை எடத்துல, வீட்டுல, நிலாவுல, எங்க வெச்சாலும் கண்ணாடி கண்ணாடிதான் சார் என்றாள். கூட்டம் சிரித்தது. இழுப்பறையிலிருந்து மச்சான் விற்கிற ஃபில்டர் ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தாள். குழல்விளக்கு அதில் வெள்ளையாக அப்படியே தெரிந்தது. பூச்சு கிடையாது, வெறும் கண்ணாடி, நல்லதாயிருந்தால் மங்கலாகப் பச்சையோ ஊதாவோதான் தெரியும் என்று கூட்டத்துக்கே பாடம் நடத்தினாள். அவர் மூன்றாவது தடவையும் கையை லேசாக உயர்த்தினார். பொதிஞ்சு வெக்கறதுக்கா சார் லென்ஸ் வாங்கறீங்க, இல்ல படம் எடுக்கறதுக்கா என்று கேட்டாள். அவர் கையை இறக்கிக்கொண்டார். ஹூட்டை மட்டும் மாட்டிக்கொண்டு, ரொம்ப நன்றிம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் மூக்குடைபட்டுத் தன் பாதிக்குத் திரும்பினான். அவளுக்கு அன்று ராத்திரி சாப்பாடு ருசித்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவர் மறுபடி வந்தார். அதே துண்டு, அதே இரண்டு பை. வெயில் கொளுத்தியதால் இந்தத் தடவை அரைக்கைச் சட்டை. லென்ஸில் அழுக்கு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது, ஊதிப் பார்த்தும் போகவில்லை, தேய்த்துக் கெடுத்துவிடக் கூடாது என்று தொடாமல் கொண்டுவந்தேன், நீங்கள்தான் சுத்தம் பண்ணித் தரவேண்டும் என்றார். துடைக்கத் தெரியாத இன்னொருவன் என்று நினைத்துக்கொண்டு அவள் விளக்கைப் போட்டுப் பூதக்கண்ணாடியை வைத்தாள்.

அழுக்கில்லை. கண்ணாடியின் முகம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழி, குழிக்குள் உருகிப் பதிந்த இரும்புத் துணுக்கு. இருபது, முப்பது, எண்ணுவதை விட்டுவிட்டாள். இதைத் துடைக்க உலகத்தில் துணி கிடையாது.

கண்ணை எடுத்தபோதுதான் அவர் கையைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் பொடிப்பொடியாகக் கறுத்த தழும்புகள், லென்ஸில் இருந்த அதே மாதிரி. பொறி பறக்க இரும்பைத் தேய்க்கிற கிரைண்டர் பிடித்தவன் கை. பூஞ்சை எந்த மூலையில் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவளுக்கு இது அன்றைக்குத் தெரியவில்லை. சட்டைக் கை மறைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டாள்.

எங்கே படம் எடுக்கிறீர்கள் என்று கேட்டாள். கேட்பதற்கு இரண்டு மாதம் தாமதம். அவர் சொன்னார். இரும்பு கேட், மாடிப்படிக் கைப்பிடி செய்கிற பட்டறை. இருபத்தாறு வருடம் கிரைண்டர் பிடித்தார். முதுகெலும்பில் வட்டு நகர்ந்து குனிய முடியாமல் போனபோது, பட்டறைக்காரர் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். இவர் பொழுதுபோக்காக எடுத்து வைத்திருந்த பட்டறைப் படங்களைக் காட்டினார். இரும்பைத் தேய்க்கும்போது பொறி பறக்கிற படம். அதைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்க ஆள் வந்தார்கள். அன்றிலிருந்து படம் எடுப்பதுதான் அவர் வேலை. இப்போது பொறிக்கு எதிரே வைத்து எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றினதுபோல் வெளுக்கிறதாம். திங்கட்கிழமை எடுப்பதும் இப்படியே வந்தால் தன் அண்ணன் மகன் செல்போனில் எடுத்துக்கொள்வான், நீ வாசலில் காவலுக்கு உட்கார் என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார்.

அவள் லென்ஸை மெதுவாகக் கவுண்டரில் வைத்தாள். அவளிடம் அப்போது பிரசங்கம் எதுவும் கைவசம் இல்லை.

மச்சானுக்கு மட்டும் மற்ற சமயத்தில் கேட்காத காது அன்று நன்றாகக் கேட்டது. உள்ளே போய் முதலாளியை அழைத்துக்கொண்டே வந்துவிட்டான். இவ்வளவு சுறுசுறுப்பாக அவன் ஒரு பேட்டரிகூட எடுத்துக் கொடுத்ததில்லை. முதலாளி லென்ஸைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பில் புத்தகத்தைப் புரட்டி, அவள் கையெழுத்தைக் கண்டுபிடித்தார். லென்ஸ் ஒன்று, ஹூட் ஒன்று, ஃபில்டர் இல்லை.

"ஏம்மா, இதுக்குத்தானே அன்னைக்கு உக்கார வெச்சு சொன்னேன்? பின்கட்டுக்குப் போறியா இப்ப?" என்றார். எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பிறகு அந்த மனிதரைப் பார்த்துக் குரலைச் சர்க்கரையாக்கிக்கொண்டு, இந்தம்மாதானே ஃபில்டர் வேண்டாம் என்று சொன்னாள் என்று கேட்டார்.

அவர் முதலாளியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற மச்சானையும் பார்த்தார். நாலு பேர் முன்னால் முதலாளியிடம் திட்டு வாங்குவது என்னவென்று இருபத்தாறு வருடம் பார்த்த முகம்.

"இல்லங்க. அவங்க போடத்தான் சொன்னாங்க. நான்தான் கேக்கல."

நான் பக்கத்துலயே இருந்தேன் மாமா, இவர் என்று மச்சான் குதித்தான். முதலாளி அவனை அதட்டி அடக்கினார். வாடிக்கையாளரை எதிர்த்துப் பேசக் கூடாது என்பது அவருடைய இன்னொரு லேமினேஷன் தாள். சொல்லியும் கேட்காதவர்களை நாம் என்ன செய்ய முடியும் என்று கூட்டத்துக்குப் பொதுவாகச் சொன்னார். அவளைப் பார்த்து, சொன்னா சரி, சொன்னா சரி என்று தட்டிக்கொடுக்கிற மாதிரி இரண்டு தடவை சொன்னார்.

அவள் வாயைத் திறந்தால் போதும். இல்லை, நான்தான் வேண்டாம் என்றேன். நாலே சொல். ஊருக்கே உண்மை சொல்லி நாக்கைத் தீட்டி வைத்திருந்தவள். இடது பாதிக் கவுண்டரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். டார்ச் அடித்து ஏமாற்றுகிற மச்சானை வாய் ஓயாமல் கேவலமாகப் பேசியவள், இன்று அவனே உண்மையைச் சொல்ல வந்தபோது அவன் வாயை மூடிவிட்டார்களே என்று நிம்மதியாக மூச்சு விட்டாள்.

சுத்தம் பண்ண முடியுமா என்று அவர் மறுபடி கேட்டார். முடியாது என்றாள். முன்கண்ணாடியை மாற்றலாம், வெளியூருக்கு அனுப்பவேண்டும், திரும்பி வர இரண்டு மாதமாகும். அதுவரை பொறிக்கு நேரே வைத்து எடுக்காதீர்கள், வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுங்கள் என்றாள். பொறி இல்லாத படத்தைப் பட்டறையில் யார் கேட்டார்கள்? அது அவளுக்கும் தெரியும்.

"அப்ப வாசல்ல உக்கார வேண்டியதுதான்," என்றார் அவர். பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

முதலாளிக்கு இரக்கம் வந்துவிட்டது. இரக்கம் வந்தால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். போனது போகட்டும், இனிமேலாவது ஒரு நல்ல ஃபில்டரா போட்டுக்குங்க, அம்மா எடுத்துத் தருவாங்க என்றார். குழி விழுந்த கண்ணாடியை எதிலிருந்து காப்பாற்ற என்று யாரும் கேட்கவில்லை. அந்த மனிதரும், சரி, இருக்கிறதாவது இருக்கட்டும் என்றார்.

அவள் இழுப்பறையைத் திறந்தாள். மூன்றை எடுத்து ஒவ்வொன்றாக டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்தாள். ஒன்றில் வெள்ளை, இரண்டில் மங்கின பச்சை. பச்சையில் பித்தளை வளையம் போட்டதைத் தேர்ந்தெடுத்தாள், சூட்டிலும் புழுதியிலும் மரை இறுகிக்கொள்ளாது. பொறி பட்டால் பொறியை வாங்கிக்கொண்டு இதுதான் கெடும், கெட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம். அன்றைக்கு ஒரு நிமிடத்தில் முடித்திருக்கவேண்டிய வேலை. லென்ஸில் வைத்துத் திருகப் பார்த்தாள், மரை பிசகியது. இரண்டாவது தடவை பொருந்தியது.

முதலாளி உள்ளே போய்விட்டார். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் குனிந்தாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"பட்டறையில எடுக்கறேன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க?"

அவருக்குக் கோபம் வரவில்லை. முதல் பையில் கேமராவை வைத்தார், அதை இரண்டாவது பையில் வைத்தார்.

"மூணு தடவை சொல்ல வந்தேன்மா," என்றார். "எல்லாரும் சிரிச்சிட்டிருந்தாங்க. நீங்களும் சந்தோஷமா பேசிட்டிருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."